கல் பூவின் கீழே பெண் பார்த்தார்கள்

தேவாலயம் பார்க்கக் கிளம்புகிற மனிதர் எதற்காக டை கட்டிக்கொள்ள வேண்டும்?

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் சுற்றக் கிளம்பினால் என் மூளை பாதி வேலைதான் செய்யும்.

போன வருடம் ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில், வதனி வீட்டில் தங்கியிருந்தேன். இந்தப் பத்தியை இணையத்தில் படித்துவிட்டு, எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து மெயில் அனுப்பியே சிநேகிதியாகிவிட்ட வாசகி. யாழ்ப்பாணத்துக்காரி. கணவர் குகன், எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர். இப்போது ஓர் அச்சகத்தில் மெஷின் பொறுப்பாளர். ஒரே மகள் நிரோஜா, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.

"அக்கா, சனிக்கிழமை உங்களைக் கெல்னுக்குக் கூட்டிக்கொண்டு போறம். டோமைப் பாக்காமல் நீங்கள் ஊருக்குத் திரும்பக் கூடாது" என்றார் குகன். கெல்ன் என்றால் நம் கொலோன். டோம் என்றால் அங்கே உள்ள மாபெரும் தேவாலயம்.

சனிக்கிழமை நிரோஜாவுக்குக் கடை உண்டு. "லீவு எடு. அன்ரி தனிய நிப்பா" என்று வதனி வற்புறுத்தினாள். அன்ரி என்றால் ஆன்ட்டி, அதாவது நான். நான் எங்கே தனியாக நிற்கப் போகிறேன்? இவர்கள் இரண்டு பேரும்தான் கூட வருகிறார்களே! அதையும் நான் கேட்கவில்லை.

காரில் குகன் டையை நீவிக்கொண்டு நொடிக்கொரு தரம் மணி பார்த்தார். வதனி கைப்பையைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த நிரோஜா மட்டும் நிம்மதியாக ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள்.

கொலோனில் காரை நிறுத்திவிட்டு ஸ்டேஷன் வாசல் பக்கம் வந்தால் நேராக முகத்தில் மோதுகிறது அந்தத் தேவாலயம். நம் ஊரில் ஸ்டேஷன் எதிரில் லாட்ஜ் இருக்கும், டீக்கடை இருக்கும். இங்கே இரட்டைக் கோபுரங்களோடு கறுத்துப்போன ஒரு கல் மலை! அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனால் வலி முழுதாக வருவதற்குள், "உள்ளுக்கு வாங்கோ அக்கா, கெதியா" என்று குகன் இழுத்தார்.

உள்ளே பொன் பேழை ஒன்று. குழந்தை இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தைத் தொடர்ந்து போனார்களே மூன்று ஞானிகள்... அவர்களுடைய எலும்புகள் அதற்குள் இருப்பதாக நம்பிக்கை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறேன்—

"பாத்தாச்சுதானே? வாங்கோ."

எதற்கு இந்த மனிதர் இப்படிப் பறக்கிறார்? எனக்குக் கோபம்கூட வந்தது. நிரோஜாதான் என் பக்கத்திலேயே நடந்து கதை சொல்லிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்ட கதையாம். இந்தக் கட்டடத்தைக் கட்ட ஆரம்பித்த சிற்பியிடம் சாத்தான் பந்தயம் கட்டினான். "நீ முடிப்பதற்குள் தூரத்து ஊரிலிருந்து இங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வருவேன்." சிற்பி சிரித்தார். ஒருநாள் சாரத்தின் மேல் நின்று பார்த்தால், கீழே தண்ணீரில் வாத்து நீந்தி வருகிறது! தோற்றுப்போன சிற்பி அங்கிருந்தே குதித்துவிட்டார்.

"பிறகு முடிக்க அறுநூறு வருஷத்துக்கு மேலை எடுத்தது அன்ரி. இப்பவும் எங்கையாவது ஒரு பக்கம் சாரம் நிக்கும். இது முடிஞ்சால் உலகமே முடிஞ்சிடும் எண்டு இஞ்சை சனம் பகிடியாச் சொல்லுவினம்."

நல்ல கதை. ஆனால் குகன் எங்களை வெளியே கொண்டு வந்துவிட்டார்.

வாசலுக்கு எதிரே ஒரு கல் பூ. கோபுர உச்சியில் இருப்பதன் அதே அளவு மாதிரியைக் கீழே வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கை விரல் அளவு தெரிவது, பக்கத்தில் வீடு உயரம்! நான் வியந்து முடிக்கவில்லை. அதற்குள் ஒரு குரல்.

"அட, குகன்! நீங்கள் இஞ்சையோ?"

"அட, நீங்களோ! என்ன இந்தப் பக்கம்?"

இதைவிட மோசமான நடிப்பை நான் பள்ளி ஆண்டு விழாவில்கூடப் பார்த்ததில்லை. எதிரே டோர்ட்முண்டிலிருந்து 'தற்செயலாக' வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் ஒரு மகன். அந்த அம்மாள் கோட்டுக்குள் பட்டுப்புடவை. வதனி சட்டென்று மகளுடைய ஸ்கார்ஃபைச் சரி செய்தாள்.

எனக்குப் புரிந்தது. நிரோஜாவுக்கும் புரிந்தது. ஒரு நிமிஷம் முன்பு வாத்துக் கதை சொல்லிச் சிரித்த முகம் வெளிறிப்போனது.

"அன்ரி... உங்களுக்கும் தெரியுமோ?" என்றாள் காதோரம்.

"சத்தியமாகத் தெரியாதும்மா."

தெரியாது. ஆனால் நான்தான் சாக்கு. என்னைக் காட்டித்தானே அவளை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள்? கால் எங்கே வைப்பது, கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பையனின் அம்மா நிரோஜாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பிள்ளை கொஞ்சம் மெலிவு. வேலை கரைச்சலோ?"

நிரோஜா என் பக்கம் கையைக் காட்டினாள். "அன்ரிக்குக் கோபுரத்திலை ஏறிப் பாக்க வேணுமாம். நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

யாருக்கு? எனக்கா? என் முழங்காலைக் கேட்டாளா?

"நல்லது! ஜனகனும் போகட்டும்" என்றார் குகன், முகமெல்லாம் பல்லாக.

ஆக, முன்னால் நிரோஜா, நடுவில் நான், பின்னால் அந்த ஜனகன். சுருள் படிக்கட்டு. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே படியில். எதிரே ஒரு கனத்த ஜெர்மன்காரர் வந்தால் நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அவள் கோபத்தில் ஏறினாள். நான் அவமானத்தில் ஏறினேன். அவன் எதில் ஏறினான் என்று தெரியவில்லை.

மணிகள் தொங்கும் தளம் வந்ததும், "இனி என்னால் முடியாது" என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"நிரோஜா, நான் உங்களைப் பாக்கத்தான் வந்தனான். உங்களுக்கும் தெரியும் எண்டு அம்மா சொன்னவா. கீழை உங்கடை முகத்தைப் பாத்த பிறகுதான் விளங்கினது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அன்று காலையிலிருந்து உண்மை பேசிய முதல் ஆள்!

நிரோஜா அவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? கேக்கவேண்டிய ஆக்கள் கீழை நிக்கினம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அடித்தது என்பது சின்ன வார்த்தை... என் பல்லெல்லாம் அதிர்ந்தது. மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். ஓய்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "யேனாவிலை எனக்கு இடம் கிடைச்சிருக்கு. கண்ணாடித் தொழிலிலை மேல்படிப்பு. ரெண்டு வருஷம். அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

யேனா ஜெர்மனியின் கிழக்குப் பக்கம். கறுத்த தோல்காரர்களை அங்கே சில ஊர்களில் துரத்தி அடிக்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் குகன் டி.வி.யை அணைத்துவிடுவார். நானே பார்த்திருக்கிறேன்.

"போகப் போறியளோ?" என்று கேட்டான் ஜனகன்.

"ஓம்."

"அப்ப கீழை போய் என்ன சொல்லுறது?"

"எனக்கு இண்டைக்கு ஓம் சொல்லவும் ஏலாது, இல்லை சொல்லவும் ஏலாது. உங்களை எனக்குத் தெரியாது."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றான் ஜனகன். அவன் குரலில் எவ்வளவு நிம்மதி!

இறங்கி வந்தோம். நான்கு பெற்றோரும் கல் பூவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

"மேலை எப்பிடிப் பிள்ளை, வடிவா இருந்ததோ?" என்றார் குகன். அவர் கேட்டது மேலிருந்து தெரிகிற நதியையும் பாலத்தையும் பற்றி அல்ல.

நிரோஜா சொல்லிவிட்டாள். யேனா, இரண்டு வருடம், இன்றைக்குப் பதில் இல்லை... எல்லாம் ஒரே மூச்சில்.

"யேனாவோ? தனியவோ?" குகன் கை தானாக டை முடிச்சைத் தளர்த்தியது.

"அப்ப இது என்ன? ஓமோ இல்லையோ?" என்றார் பையனின் அம்மா.

"அம்மா, பசிக்குது" என்றான் ஜனகன்.

ஒரு பீட்சா கடையில் உட்கார்ந்தோம். இளசுகள் இரண்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டன. பெரியவர்கள் நாலு பேரும் தொடவில்லை. நான்? சாப்பிட்டேன். அவ்வளவு படி ஏறியிருக்கிறேனே!

திரும்பும்போது காரில், பாதி வழியில் குகன் கேட்டார். "எனக்கு ஏன் பிள்ளை முதல்லை சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்கு முதல்லை சொன்னனீங்களோ அப்பா?"

வதனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் காரிலிருந்து இறங்கி நடந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் குகன் மெல்லச் சொன்னார்: "யேனாவிலை குளிர் கூட. நல்ல ஜாக்கெட் ஒண்டு வாங்கவேணும்."

பின் சீட்டில் நிரோஜா என் கையை இறுகப் பிடித்தாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.

போன வாரம் வதனி போன் செய்தாள். குகனே காரில் அரிசி மூட்டையும் குக்கரும் ஏற்றிப் போய் மகளை யேனாவில் விட்டுவிட்டு வந்தாராம். மகள் நன்றாக இருக்கிறாளாம். ஜனகன் சில சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறானாம்.

"அப்புறம் என்ன, சந்தோஷம்தானே?"

"என்ன சந்தோஷம் அக்கா! வாறான், போறான். ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லினமில்லை. கேட்டால், 'கதைச்சுக்கொண்டிருக்கிறம் அம்மா, பொறுங்கோ' எண்டுறாள். இவருக்கு நித்திரையே இல்லை!"

பிள்ளைகள் அவசரப்பட்டால் பெற்றவர்களுக்குத் தூக்கம் போகும் என்று தெரியும். நிதானமாக யோசித்தாலும் போகும் போலிருக்கிறது!