வேலிக்குள் நின்ற ரப்பர் மரம்

நாங்கள் குடியிருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் வீட்டு வரி கட்டுகிறேன். எங்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வருவதற்கு முன் அந்த இடம் ரப்பர்த் தோட்டம். வீடு கட்ட வந்தவர்கள் தோட்டம் முழுவதையும் வழித்து எடுத்தார்கள். எப்படியோ எங்கள் மூலை வீட்டின் பின்வேலிக்குள் ஒரே ஒரு மரம் தப்பி நின்றுவிட்டது. வீட்டை விற்றவர் அதைச் சுட்டிக்காட்டி, "இயற்கைச் சூழல்" என்றார். நானும் நம்பினேன்.

போன வருடம் மழைக்காற்றில் அதன் பெரிய கிளை ஒன்று முறிந்து, பக்கத்து வீட்டுக்காரரின் கார்மேல் விழுந்தது. அவர் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர், தங்கமான மனிதர். உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, "தாப்பா, தாப்பா" என்றார். பரவாயில்லையாம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நம்ம வீடு, நம்ம மரம். செயின்சா வச்சிருக்கறவன் ஒருத்தனைக் கூப்பிட்டா காலையிலயே முடிஞ்சிடும்லா" என்றார் என் கணவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிலும் குறுக்கு ரோடு தெரிந்தவர்.

நானோ பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகவே காலம் தள்ளியவள். விண்ணப்பப் பாரங்களின்மேல் எனக்குப் பக்தி உண்டு. "ரூல்ஸ் இருக்குங்க. கேட்டுட்டு வெட்டுவோம்" என்றேன். அந்த ஒரு பேச்சுக்காக அடுத்த நான்கு மாதமும் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

நகராண்மைக் கழகத்தில் மரங்களைக் கவனிக்கும் அதிகாரி ஒரு தமிழர். மரியாதையாக உட்கார வைத்தார்.

"சொந்த நெலமா இருந்தாலும், அடிமரம் சுத்தளவு எண்பது சென்டிமீட்டருக்கு மேல போச்சுன்னா எழுத்துல அனுமதி வேணும்க்கா. தரையிலேருந்து அரை மீட்டர் ஒயரத்துல அளந்துட்டு வாங்க."

தையல் டேப்பைக் கொண்டு அளந்தோம். நூற்றுப் பன்னிரண்டு. "நல்லா இறுக்கிப் புடி, எழுவத்தொம்பது வந்துரும்" என்றார் கணவர்.

பாரத்தில் 'வெட்டுவதற்கான காரணம்' என்ற இடத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். 'கார்மேல் விழுந்தது' என்று எழுதினேன். அதிகாரி அதைச் சுற்றி வட்டம் போட்டார். "மரமாக்கா விழுந்துச்சு? கிளைதானே?" திருத்தினேன். பிறகு மரத்தின் வகையைப் பார்த்துவிட்டு, "ரப்பரா? அது பயிராச்சே. எதுக்கும் விவசாய ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க" என்றார்.

விவசாய ஆபீஸில் முகப்பில் இருந்த மலாய்ப் பெண் எத்தனை ஏக்கர் என்று கேட்டாள். ஒரு மரம் என்றேன். பாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உடம்பு சரியில்லாத பெரியம்மாவிடம் பேசுவதுபோல, "மாக்சிக், ஒரு மரம் தோட்டமாகாது" என்றாள். அதையே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை நகராண்மைக் கழகத்துக்குக் கணவரும் கூட வந்தார். வராமல் இருந்திருக்கலாம்.

"எங்க தாமான் இருக்கற எடத்துல ஆயிரக்கணக்குல மரம் நின்னுச்சு தம்பி. புல்டோசர் வந்து மட்டமாக்கிட்டுப் போச்சு. அப்ப யாராச்சும் டேப் வச்சு அளந்தீங்களா?"

அதிகாரிக்குக் கோபமே வரவில்லை. "அவங்க எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே அனுமதியா எடுத்துட்டாங்கண்ணே."

"அப்ப என்கிட்டயும் ஆயிரம் மரம் இருந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்."

"ஆமாண்ணே" என்றார், மனதார.

ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், இரண்டடி பின்னால் நகர்ந்தார். "ரொம்ப ஆபத்தா இருக்கேக்கா. இப்பவோ அப்பவோன்னு நிக்கிற மரத்தை அனுமதி இல்லாமயே வெட்டலாம். சட்டத்துலயே எடம் இருக்கு."

கணவர் பாராங் கத்தி எடுக்கக் கிளம்பிவிட்டார்.

"ஆனா நீங்க விண்ணப்பம் போட்டுட்டீங்களே" என்றார் அதிகாரி. "ஃபைல் தெறந்தாச்சு. இனி பதில் வந்தாத்தான்."

கேட்காமல் வெட்டியிருந்தால் நாங்கள் சட்டப்படி நடந்தவர்கள். கேட்டதால் காத்திருந்தோம். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, வெயிலில் குடையைப் பிடித்து நடந்து வருவார். எங்களைக் கண்டதும் சிரித்துக் கையசைப்பார். அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குக் குன்றிப் போகும்.

கடைசியில் கடிதம் வந்தது. வெட்டலாம்; பதிலுக்கு ஒரு மரம் நட்டுப் படம் காட்ட வேண்டும்.

கோத்தா கோலா மூடாவிலிருந்து மரம் வெட்டுகிறவர் வந்தார். "லெட்டர் இருக்காக்கா?" என்று கேட்டதுதான் தாமதம், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தியிருந்ததைப் பெருமையாக நீட்டினேன். அவர் பயந்துவிட்டார். "சும்மாதான் கேட்டேங்க்கா. இதுவரைக்கும் யாரும் காட்டுனதே இல்ல."

முக்கால் மணி நேரத்தில் மரம் தரையில் கிடந்தது. அடிமரத்துக்குள் ஒரே பொந்து. கணவர் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். நின்றபோது மரம் சாய்ந்திருந்த திசையில் எங்கள் சமையலறை இருந்தது. தினமும் காலையில் அந்த மரத்தின் கீழேதான் நான் துணி காயப்போட்டேன். அவர் உள்ளே போய், எனக்கும் சேர்த்துத் தேநீர் கலந்து கொண்டுவந்தார்.

பதில் மரமாகக் கறிவேப்பிலை வைத்தேன். அதிகாரி பார்த்துவிட்டு, "அது செடிக்கா" என்றார். இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர், தம்பி வீட்டிலிருந்து ஒரு ரம்புத்தான் கன்று கொண்டுவந்தார். எங்கே நடலாம் என்று கேட்டேன். வீட்டைச் சுற்றி நிதானமாக நடந்து பார்த்து, தன் வேலிக்கு எட்டாத ஒரு மூலையைக் காட்டினார். மூன்று பேருமாகக் குழி தோண்டினோம்.

அதிகாரி படம் எடுக்க வந்தபோது, கணவர் சட்டை மாற்றிக்கொண்டு கன்றுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அதிகாரி. "மரத்தை மறைக்கிறீங்க."