மேரி என்று பெயர் வைத்த ஃபோல்டர்

பம்மலில் எங்கள் கோயில் மைதானத்தில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நடக்கிற, இயேசுவின் பாடுகளைச் சொல்கிற பாஸ்கா நாடகத்தில் நான் பதினோரு வருடமாகப் பிலாத்து, தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவுகிற ஆளுநர். பெயர் சவுரிமுத்து, வேலை தபால் ஆபீசில். மேடையில் நான் வாயை மட்டும் அசைப்பேன். நான் மட்டுமில்லை, எங்கள் நாடகத்தில் இயேசு முதல் காவல்காரன் வரை யாருமே மேடையில் பேசுவதில்லை. எல்லாருடைய வசனத்தையும் முன்பே பதிவு செய்து, பாட்டும் இடியும் சாட்டைச் சத்தமும் சேர்த்து, இரண்டரை மணி நேரம் ஒரே ஓட்டமாக ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். நாங்கள் அதற்கு வாயசைத்துக் கையை ஆட்டினால் போதும். அந்த இரண்டரை மணி நேரத்தையும் வீட்டில் உட்கார்ந்து கோக்கிற ஆள் ஜீவானந்தம்.

பகலில் அவன் தாம்பரம் மேற்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். சாயங்காலம் வந்து கால் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். மாடியில் ஒன்றரை அறை வீடு. அந்த அரை அறையின் சுவரில் பழைய மெத்தையை ஆணியடித்து வைத்திருந்தான். அப்படியும் என்ன, எங்கள் ஊர் தலைக்கு மேலே விமானம் போகிற ஊர். ஒரு விமானம் போய் அடுத்தது வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில்தான் இயேசுவே பேசியாக வேண்டும். நான் 'இந்த மனிதனிடம் ஒரு குற்றமும் காணேன்' என்று சொல்லி முடிக்க ஒரு முறை ஒன்பது டேக் ஆனது. ஜீவா முகம் சுளிக்கவே மாட்டான். "இன்னொரு தபா போலாம்ணா" என்பான். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. எனக்கு அது கிடையாது.

மாதாவுக்குக் குரல் கொடுப்பது அவன் மனைவி செல்வமேரி. யூ.கே.ஜி. டீச்சர். அறுபது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கிய தொண்டை அது. பழைய ஸ்கிரிப்டில் மாதாவுக்கு மொத்தம் நாலே வசனம். போன வருடம் நாடகத்தைப் புதிதாக எழுதியபோது சிலுவையடியில் மாதா புலம்புகிற காட்சியை ஏழு நிமிடத்துக்கு நீட்டினோம். அந்தச் சமயத்தில்தான் செல்வமேரிக்குத் தைராய்டில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்னாடியே சொல்லிவிட்டார். அதனால் ஆகஸ்டிலேயே மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து மாதாவின் பகுதி முழுவதையும் ஜீவா பதிவு செய்துவிட்டான். நான் கேட்டேன். கேட்டுவிட்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

செப்டம்பரில் ஆபரேஷன். கட்டி போனது, குரலும் கூடவே போனது. யார் மீதும் தப்பில்லை, ஆயிரத்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள். அந்தச் சிலரில் இவள் ஒருத்தி. பேசினால் காற்றும் கரகரப்பும்தான் வரும். பக்கத்தில் போய்க் கேட்டால் புரியும். பள்ளிக்கூடத்தில் வகுப்பை வாங்கிக்கொண்டு லைப்ரரிக்கு மாற்றிவிட்டார்கள்.

தவக்காலம் தொடங்குகிற வாரம். ஜீவா என்னை டீக்கடைக்குக் கூட்டிப் போய் ஒரு விஷயம் சொன்னான்.

"அண்ணா, நம்ம கம்ப்யூட்டர்ல கீற விண்டோஸு திருட்டு. பாட்டு கோக்குற சாஃப்ட்வேரும் திருட்டு. பதினோரு வருசமா சாமி நாடகத்த திருட்டுச் சாமான்ல செஞ்சுகினு வந்தேன். அதான் அவ கொரல எடுத்துக்கினாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கடவுளுக்கு வேற வேல இல்லியா? பம்மல்ல எவன் இன்னா சாஃப்ட்வேர் வச்சிருக்கான்னு பாத்துகினு இருப்பாரா?"

அவன் கேட்கவில்லை. தவக்காலத்துக்கு நாங்கள் எல்லாம் கறியை விடுவோம், சிலர் குடியை விடுவார்கள், நான் வெற்றிலையை விட்டேன். ஜீவானந்தம் விண்டோஸை விட்டான். மொத்தத்தையும் அழித்துவிட்டு, காசில்லாமல் நேர்மையாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுக்கொள்கிறேன், அவள் குரலைத் திருப்பிக் கொடு என்று நேர்ந்துகொண்டான். அழிப்பதற்கு முன் பாஸ்கா ஃபோல்டரை மட்டும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டான். மொத்த டிஸ்க்கையும் அழிக்கவா என்று திரையில் கேட்டபோது சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஆமாம் என்று அழுத்தினானாம்.

பிறகு நாற்பது நாள் அவன் பட்ட பாடு தனிக் கதை. முதல் வாரம் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. இரண்டாம் வாரம் சத்தம் வந்தது, மைக் செத்தது. பழைய சாஃப்ட்வேரில் கோத்து வைத்திருந்த நாடகம் புதியதில் திறக்காது. துண்டு துண்டாகக் கிடந்த எண்ணூறு சொச்சம் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, இது பேதுரு, இது கயபாஸ், இது என் ஒன்பது டேக்கில் ஐந்தாவது என்று காதாலேயே பிரித்து மறுபடி அடுக்கினான். புதன்கிழமை ஒத்திகை, வெள்ளிக்கிழமை நாடகம் என்கிற நிலையில், குருத்து ஞாயிறு மத்தியானம் எனக்கு ஃபோன் வந்தது.

"அண்ணா, கொஞ்சம் வரியா."

போனேன். வெளிக்கதவைச் சாத்தினான். செல்வமேரி சாயங்காலப் பவனிக்காகக் கோயிலில் குருத்தோலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேரி பதிவு ஒண்ணுகூட இல்லண்ணா."

விஷயம் இதுதான். ஆகஸ்டில் அவசரமாகப் பதிவு செய்தபோது அதை பாஸ்கா ஃபோல்டரில் போடாமல் திரையிலேயே மேரி என்று தனி ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறான். பழைய சாஃப்ட்வேர் அதை அங்கிருந்தே எடுத்து நாடகத்தோடு சேர்த்து ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. தினமும் அதில் கேட்டதால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்று நம்பிவிட்டான். பாஸ்கா ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்தான். மீதியோடு மேரியும் அழிந்துபோனாள்.

"அவ கொரல் வரணும்னு வேண்டிக்கினு, அவ கொரல நானே அழிச்சிட்டேண்ணா" என்றான். குரல் உடைந்துவிட்டது. எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

செல்வமேரியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது அவன், தலையாட்டியது நான். திங்கள் முழுவதும் அவன் அந்த எண்ணூறு துண்டையும் மறுபடி கேட்டான். செவ்வாய் காலை போர்வையில் கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜாய்சனிடம் போனோம். ஷேர் ஆட்டோவில் ஜீவா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான். ஜாய்சன் ஏதேதோ ஓட்டிப் பார்த்தான். நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"இது எஸ்.எஸ்.டி. டிஸ்க்குண்ணா. அழிச்சா அழிச்சதுதான். மேல வேற சிஸ்டம் போட்டு நாப்பது நாள் ஓட்டிக்கீறீங்க. சும்மா நம்பிக்கை குடுத்து உங்கள அலைய வைக்க எனக்கு மனசு வரல."

புதன்கிழமை ஒத்திகையில் சிலுவையடி வந்தபோது ஸ்பீக்கரில் ஏழு நிமிடம் காற்றுச் சத்தமும் பின்னணி இசையும் மட்டும் ஓடியது. மாதாவாக நிற்கிற ஏஞ்சல் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்தாள். கமிட்டித் தலைவர் வேதசிரோமணி ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர். நேராக ஜீவாவிடம் வந்தார்.

"என்னப்பா இது?"

"அது வேற ஃபைல்ல கீது சார். சேத்துருவேன்."

"எனக்குக் கதை வேணாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு என் தங்கச்சி பொண்ணு சினேகாவ உங்க வீட்டுக்கு அனுப்புறேன். ரேடியோவுல பேசுற பொண்ணு. அவள வச்சு எடுத்துடு. செல்வமேரிகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே ஜீவா என்னை வரச் சொல்லிவிட்டான். தனியாகச் சொல்லப் பயம். செல்வமேரி லீவில் வீட்டில் இருந்தாள். எனக்கு டீ கொடுத்தாள். எதிரில் சுவரோரம் உட்கார்ந்து பாயில் முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தாள். மணி பத்தானது. ஜீவா மைக் ஒயரைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். பத்தேகால். நான் தொண்டையைக் கனைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்தக் கோழைக்குப் போய்ப் பொறுமைசாலி என்று பேர் வாங்கிக் கொடுத்தோமே என்று எனக்கு எரிச்சல் வந்தது. பத்தரைக்கு ஒரு விமானம் போனது. அது போய் முடிந்ததும் செல்வமேரிதான் பேசினாள். நான் டம்ளரோடு எழுந்து பக்கத்தில் போக வேண்டியிருந்தது.

"சினேகா எத்தன மணிக்கு வர்றா?"

ஜீவாவின் கையிலிருந்த ஒயர் தரையில் விழுந்தது.

"ஏஞ்சல் நேத்தே சொல்லிட்டா" என்றாள். "ஞாயித்துக்கிழமையில இருந்து நீங்க ரெண்டு பேரும் முழிக்கிறதப் பாத்தாலே தெரியாதா?"

ஜீவா தரையில் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டான். அழிந்தது எப்படி என்று குளறிக் குளறிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

"எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னிக்கு அழிக்கறதுக்கு முன்னாடி என்னக் கூப்பிட்டுக் காட்டுனீங்க. எதாச்சும் உனக்கு வேணும்னா பாத்துச் சொல்லு, எடுத்து வச்சுடலாம்னீங்க. பாஸ்கா ஃபோல்டருக்கு வெளிய, திரையில மேரின்னு பேரு இருந்துச்சு. பாத்தேன். ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்."

கீழ் போர்ஷனில் மிக்ஸி ஓடி நின்றது.

"தெரிஞ்சேவா?" என்றான் ஜீவா.

"தெரிஞ்சேதான்." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. "ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள் முதல் தினமும் சாயங்காலம் ஹெட்ஃபோன மாட்டிகினு ஆகஸ்ட் மாச மேரியக் கேட்டீங்க. நான் இங்க உக்காந்து பேசுனா, பேசாத மேரி, கஷ்டப்படுத்திக்காதன்னு கையில நோட்டக் குடுத்தீங்க. எழுதிக் காட்டச் சொன்னீங்க. எனக்குக் கஷ்டமாவே இல்ல. ஏழு மாசமா ஒரு தடவையாவது முழுசா ஒரு பேச்சக் கேட்டிருப்பீங்களா? அந்த அறையில வேற ஒருத்தி இருக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. செத்துப்போனவளுக்கு அழற மாதிரி நீங்க அழுதீங்க. நான் சாகல."

எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. வெளியே போகவும் கால் வரவில்லை. அந்த நோட்டில் நானும்தான் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் போய்க் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது. ஜீவா முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "மேரி, எனக்குப் பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

"எனக்கும்தான் இருந்துச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பதினோரு மணிக்குச் சினேகா வந்தாள். வாசலிலேயே செல்வமேரி அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு டீ கொடுத்து, "நான் எடுத்துப் பாக்குறேன்மா. சரியா வரலன்னா நீ பேசு" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மெத்தை அறைக்குள் போனாள்.

ஜீவா மைக்கை அவள் உதட்டுக்கு நாலு விரல் கிட்டே நகர்த்தினான். ஒரு தடவை பதிவாகவே இல்லை, புது சிஸ்டத்தில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த மறந்திருந்தான். இரண்டாம் தடவை விமானம். மூன்றாவதில் அவள் குரல் பாதியில் முற்றிலும் நின்று, காற்று மட்டும் வந்து, மறுபடி எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு எழுந்தது. 'உன்னைத் துடைத்த துணி இன்னும் ஈரமாக இருக்கிறது, மகனே, உன்னைக் காணோம்' என்கிற வரி. ஆகஸ்டில் அதை அவள் கதறியிருந்தாள். இப்போது பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். சினேகா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு மாத்திரம் கேட்கும்படி, "நான் கெளம்புறேன் அங்கிள்" என்று எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் நாடகம். மைதானம் கொள்ளாத கூட்டம். என் காட்சி முடிந்து கையைக் கழுவிவிட்டு, பிலாத்து அங்கியோடே ஜீவா உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். சிலுவையடி வந்தது. ஏஞ்சல் மண்டியிட்டாள். ஸ்பீக்கரில் செல்வமேரியின் குரல் கரகரவென்று வந்தது. பின்வரிசையில் சலசலப்பு. "சவுண்டு கேக்கல" என்று ஒருத்தன் கத்தினான். "இன்னாய்யா, மைக்கு புடுங்கிக்கிச்சா?" என்று இன்னொருத்தன். வேதசிரோமணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏத்துய்யா, சவுண்ட ஏத்து."

ஜீவானந்தத்தின் கை வால்யூம் குமிழில் இருந்தது. அதற்கு மேல் ஏற்றினால் கரகரப்புத்தான் பெரிசாகும், பேச்சு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். கையை எடுத்தான்.

"அவ கொரலு இவ்ளோதான் சார்" என்றான். "கேக்கணும்னா கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்க."

அவர் வேட்டியை விட்டுவிட்டு ஸ்பீக்கர் பக்கமாக நடந்தார். பின்வரிசையில் சிலர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சிலர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஜீவா ஹெட்ஃபோனை மேசையில் கழற்றி வைத்திருந்தான். பக்கத்தில் செல்வமேரி அவன் காதருகில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அவன் ஏழு நிமிடமும் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.