குழாயடியில் வெடிக்க வைத்த வண்டி

பம்பாய் தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குத் தகரக் கொட்டகை இருந்தது. மோட்டார் சைக்கிள் ரிப்பேர் வேலை. அறுபதுகளின் கடைசி. எங்களை மதராஸி என்று சொல்லி, எங்கள் கடை எது என்று பார்த்து மராட்டியக் கும்பல்கள் கல் எறிந்த நாட்கள் அவை. மாட்டுங்காவில் என் மச்சானின் டீக்கடையை முந்தின நாள்தான் உடைத்திருந்தார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இடது கையில் கட்டோடு என் வீட்டில் வந்து இருந்தார்.

சந்தில் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். ஆபத்து என்றால் சந்து முனையில் இருப்பவர் எண்ணெய் டின்னைத் தட்ட வேண்டும். பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வர வேண்டும். பாத்திரம் உருண்டால்கூட எல்லாரும் எழுந்து நின்ற நேரம்.

அன்று மதியம் ஒரு வண்டியை முடித்துக் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் மராட்டியர், மில்லில் மெஷின் பிட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு வராதீர்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு வழி இல்லை.

என்ஜினுக்குத் தீப்பொறி விடும் பாயிண்டின் இடைவெளியை அளக்கும் கேஜ் என்னிடம் கிடையாது. ஊரிலிருந்து வந்த தபால் கார்டின் ஓரத்தைக் கிழித்து நுழைத்துப் பார்ப்பேன். அதுவே கணக்கு. அன்று கிழித்த துண்டு மடிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கிக்கரை உதைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சைலன்சரில் டமார் என்று வெடித்தது. இன்னொரு தடவையும் வெடித்தது.

இந்த நாளில் இந்தச் சத்தம் கூடாது என்று நினைத்தேன். வெளியே போய், வெடித்தது வண்டிதான் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வண்டியை அணைத்து, மடிப்பைக் கண்டுபிடித்து, பாயிண்டைச் சரி செய்தேன். திரும்ப ஓட்டினேன். வெடிக்கவில்லை. அதை அணைத்த பிறகுதான் டின் சத்தம் என் காதில் விழுந்தது.

குழாயடியில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். சுவரோடு சுவராக ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். என் வண்டிக்காரர். காதோரம் ரத்தம். அவருடைய துணிப்பை தள்ளிக் கிடந்தது. அதற்குள் உருண்டையாக ஏதோ இருந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. மச்சானின் வலது கையில் தோல் சீவும் கத்தி.

"ரெண்டு குண்டு போட்டுட்டு நடந்து வாரான் மாப்ள. மூணாவது பைக்குள்ள இருக்கு" என்றார்.

அது சாப்பாட்டு டப்பா என்றேன். எனக்குத் தெரியும், மில் விட்டு நேரே வருவார். குண்டு இல்லை, என் கொட்டகையில் வண்டி வெடித்தது என்றும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பழக்கத்துக்காகப் பரிந்து பேசுகிறேன் என்றார்கள். வண்டிக்காரர் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிதான்னா கொண்டா. எங்க முன்னால வெடிக்கட்டும்" என்றார் மச்சான்.

உருட்டிக்கொண்டு வந்து குழாயடியில் ஸ்டாண்டு போட்டேன். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. அவ்வளவு சுத்தமாக அந்த வண்டி ஒருநாளும் ஓடியதில்லை.

"தேரு கணக்கால்ல ஓடுது" என்றார் கூட்டத்தில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

பாயிண்டைத் திரும்பக் கெடுக்க நேரம் இல்லை. ஒரு வழி உண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கிய கையை விடாமல் சாவியை அணைக்க வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேரும். என்ஜின் நிற்பதற்குள் திரும்பச் சாவியைப் போட்டால் வெடிக்கும். வேலை கற்ற காலத்தில் விளையாட்டுக்குச் செய்து அடி வாங்கியிருக்கிறேன்.

அணைத்தேன். போட்டேன். நேரம் தப்பிவிட்டது. வண்டி நின்றுபோனது. கத்தி இருந்த கை உயர்ந்ததை ஓரக்கண்ணில் பார்த்தேன். இன்னொரு உதை. பிடித்தது. கடைசி வரை முறுக்கினேன். அணைத்தேன். இரண்டு வரைகூட எண்ணவில்லை. போட்டேன்.

கொட்டகையில் வெடித்ததைவிடப் பெரிதாக வெடித்தது. குழாயடியில் இருந்தவர்கள் எல்லாரும் தரையில் கிடந்தார்கள். மச்சான் குடத்துக்குப் பின்னால் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார். நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், வண்டிக்காரரும் நானும்.

ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் பையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். டப்பா நசுங்கியிருந்தது. வண்டிக்காரருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தோம். குடித்தார்.

சந்துக்குள் வண்டியை ஓட்ட அவர் சம்மதிக்கவில்லை. இருவரும் தள்ளிக்கொண்டே பெரிய ரோடு வரை போனோம். அங்கே என் மார்பில் கை வைத்து நிறுத்தினார். இதற்கு மேல் நீ வராதே அண்ணா, அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள் என்று ஹிந்தியில் சொன்னார். கிக்கரை உதைத்தார், போனார். சத்தம் கேட்கிற தூரம் வரை நின்றேன். வழியில் வெடித்துவிடக் கூடாது. வெடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது மச்சான் என் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். கத்தி பக்கத்தில் கிடந்தது.

"மாப்ள, ரெண்டாந்தடவையும் வெடிக்கலன்னா?"

மண்ணெண்ணெயை ஊற்றிக் கையைக் கழுவினேன். கத்தியை யாரிடம் வாங்கினாரோ அவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். எழுந்து போனார்.