டிபன் பாக்ஸ் மூடியும் பல் டாக்டரம்மாவும்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருக்கிறது அந்தப் பல் டாக்டரம்மாவின் கிளினிக். பருத்த உடம்பு, உரத்த குரல். வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி; பிள்ளைகள் தட்டித் தட்டியே நெளிந்துபோனது.

மரத்துப்போக வைக்கும் ஊசியைப் பார்த்ததுமே என் ஆறு வயது மகள் அலறினாள். டாக்டரம்மா மூடியை அவள் மடியில் வைத்தார்.

"இன்னா கண்டக்டரே, அழுதுகினு இருந்தா வண்டி எப்டிப் போவும்? நான்தான் டிரைவர். ஒரு தபா தட்டுனா நிறுத்திடுவேன். ரெண்டு தபா தட்டுனா ரைட்!"

"கையைப் பிடிச்சுக்கிடவா டாக்டர்?" என்றேன்.

"நீங்க பேசஞ்சர் சார். உக்காருங்க."

ஊசி உதட்டருகே வருவதற்குள் மகள் 'டங்' என்று தட்டினாள். டாக்டரின் கை நின்றது. மறுபடி டங், மறுபடியும் நின்றது. பொறுமை போனது எனக்குத்தான். மகளுக்கோ முகத்தில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

டங் டங்.

ஊசி மெல்ல இறங்கியது. நடுவே கண் கலங்க ஒரு டங். ஊசியை அழுத்திய டாக்டரின் விரல் அப்படியே நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு அவளே தட்டினாள், டங் டங்.

"பூந்தமல்லி வந்துடுச்சி, எல்லாம் எறங்கு!"

மகள் கோணல் வாயோடு சிரித்தாள்.

மறுநாள் காலை, போதும் என்றவளின் வாயில் வழக்கம்போல் கடைசி இட்லித் துண்டைத் திணிக்கப் போனேன். தட்டில் ஒரு டங். என் கை தானாக நின்றுவிட்டது. அந்த டாக்டரம்மாவை நினைத்தபடி காத்திருந்தேன்.

இரண்டாவது டங் வரவேயில்லை.