கானானும் ஒரு தென்னம்பிள்ளையும்

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் துரத்தியபோது வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். என் கையில் ஒரு பெட்டி, மனைவியின் இடுப்பில் பிள்ளை. சரித்திரம் படிப்பிக்கும் வாத்தியார் என்பதால் அகதி முகாமிலும் எனக்கு வாய் ஓயவில்லை. மூஸா நபியின் கூட்டமும் பாலைவனத்தில் நாற்பது வருடம் அலைந்த பிறகுதான் வாக்களிக்கப்பட்ட பூமியான கானானைக் கண்டது என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னேன். அவர்களுக்கு வானத்திலிருந்து உணவு இறங்கியது, எங்களுக்கு லொறியிலிருந்து வண்டு விழுந்த அரிசி இறங்கியது. மற்றப்படி கதை ஒன்றுதான் என்று நானே நம்பினேன்.

பிறகு கற்பிட்டிக்குப் பக்கத்து ஆலங்குடாவில் ஒரு துண்டு வளவு கிடைத்தது. முதல் மழையோடு மனைவி எங்கிருந்தோ ஒரு தென்னம்பிள்ளை கொண்டுவந்து நட்டாள். பாடசாலையால் வந்து அதைக் கண்டேன். பிடுங்கினேன்.

"என்னத்துக்குப் புடுங்குறீங்க?"

"தென்னை வெச்சா ஊர மறந்திருவோம். முருங்கை வை, பப்பாசி வை. அது வருசத்துக்குள்ள காய்ச்சிட்டுப் போயிரும்."

"அப்ப பப்பாசியத் துருவிச் சம்பல் போடுறேன், தின்னுங்க."

வேரில் மண் உதிர, தென்னம்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே அவளுக்குப் பாடம் எடுத்தேன். கானானைச் சொன்னேன். நபிகள் மக்காவை விட்டுப் போன ஹிஜ்ரத்தைச் சொன்னேன். சொர்க்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆதம் நபியே இந்த இலங்கையில் ஒரு மலையில்தான் வந்து இறங்கினார், உலகத்தின் முதல் அகதி அவர்தான் என்றும் சொன்னேன்.

"அவர் திரும்பிப் போனாரா?" என்று கேட்டாள்.

தேத்தண்ணி கேட்டேன்.

புத்தளம் மாவட்டம் தென்னைக்குப் பேர்போனது. அதில் கடையில் தேங்காய் வாங்கித் தின்ற வீடு எங்களுடையது. இடுப்பில் வந்த பிள்ளை வளர்ந்து தன் வாக்களிக்கப்பட்ட பூமியைக் கட்டாரில் கண்டுகொண்டான். நான் மட்டும் "அடுத்த வருசம் ஊருக்கு" என்று சொல்லியே தலை நரைத்தேன்.

தேத்தண்ணிக் கடையில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் பக்கத்துக் கண்டக்குழிக் கத்தோலிக்கர், மீன்பிடியை விட்டவர். அவர் ஒருநாள் சொன்னார்: "மாஸ்டர், எங்கட வேதத்தில மோசே, அதான் உங்கட மூஸா, கடைசிவரை கானானுக்குள்ள போகவே இல்ல. மலையில நிண்டு பார்த்ததோட சரி. நீங்க எந்த மலை ஏறப்போறீங்க?"

மற்றவர் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடும் சிங்களவர். "இந்தத் தீவே எங்களுக்கெண்டு ஒதுக்கினதாம், பன்சலையில பிக்குமார் சொல்றாங்க. எனக்கு ஒதுக்கினது நாலு அறையும் ஒரு கக்கூசும்."

அவருடைய வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று கடலில் பறந்தார்கள். அவர்களுக்கு ஆலங்குடாதான் சொர்க்கம். காற்று ஓய்ந்ததும் போய்விடுவார்கள்.

போன வருடம் மனைவியோடு மன்னாருக்குப் போய் எங்கள் காணியைப் பார்த்தேன். முழுக்க உடைமுள். இது குசினி இருந்த இடம், இது கிணறு என்று நான் விரலால் வீடு கட்டிக் காட்டினேன். அவள் குனிந்து செருப்பில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தாச்சா? வாங்க, இருட்டுறதுக்குள்ள ஊருக்குப் போவம்."

ஊர் என்றால் எங்கள் வாயில் மன்னார்தான். ஆலங்குடாவுக்கு 'இஞ்ச' என்பதே பெயர். அந்தச் சொல் எப்போது இடம் மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் ஆலங்குடாவில் ஒரு வீட்டில் குடியிருந்திருக்கிறாள். நான் அவளை இத்தனை காலமும் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: "அந்தத் தென்னம்பிள்ளையப் புடுங்கினது என் பிழை."

"எந்தத் தென்னம்பிள்ளை? மூணு புடுங்கினீங்க."

மற்ற இரண்டும் எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வாரமே ஒரு தென்னம்பிள்ளை வாங்கிவந்து வளவில் குழி வெட்டினேன். மூச்சு வாங்கியது. அவள் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"இது காய்க்கிறதுக்குள்ள நாம மவுத்தாயிருவம்" என்றேன்.

"அதுக்கு? குழி ஆழம் காணாது. புடுங்குறதுல இருந்த கெட்டித்தனம் உங்களுக்கு நடுறதுல இல்ல."

மண்வெட்டியை மறுபடி எடுத்தேன்.