எங்கள் ஆய்வகத்துக்கு வராத இதயம்

என் அக்கா ரூபியால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. முதல் பிரசவம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 1996 நவம்பர், மந்தைவெளியில் எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வடியாமல் நின்ற சமயம். பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் அழுந்திக் கிடந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தண்ணீர் கோத்துக்கொண்டது என்று அம்மா சொன்னார்கள். ஒரு காலையில் பல் துலக்கப் போனவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். கைக்குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன்.

அன்று தூக்கிய குழந்தையை மனதளவில் நான் வெகுநாள் இறக்கி வைக்கவில்லை. என் குற்றம் அங்கே தொடங்கியது.

பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு வரும் இதயத் தளர்ச்சி இது என்றார் டாக்டர். இதயம் பெருத்து, ரத்தத்தைத் தள்ளப் பலமில்லாமல் இருந்தது. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டும், படுக்கையை விட்டு எழக்கூடாது. நீரை இறக்கவும் இதயத்தின் சுமையைக் குறைக்கவும் மாத்திரைகள் எழுதினார். "சிலருக்குச் சரியாயிடும். சிலருக்கு ஆகாது. யாருக்குன்னு இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார்.

அம்மா அதில் முதல் பாதியைக் கேட்டார்கள். நான் இரண்டாவது பாதியைக் கேட்டேன்.

என் வேலை அப்படி. நான் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். திசுவை மெழுகில் புதைத்து, மெல்லிய ஏடாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு தயாரிப்பேன். இதயத் திசுவும் எங்களிடம் வரும். நல்ல இதயத்தின் தசைச் செல்கள் ஒன்றோடொன்று கைகோத்தது போல வரிசையாக இருக்கும். தளர்ந்த இதயத்தில் அந்த வரிசை கலைந்திருக்கும். சில செல்கள் இழுபட்டு நீண்டிருக்கும். சில தடித்து, உள்ளே இருக்கும் உட்கரு கறுத்துப் பெருத்திருக்கும். செத்த செல்கள் இருந்த இடத்தில் தழும்பு நார் புகுந்திருக்கும். ஒரு விசேஷச் சாயம் போட்டால் தசை சிவப்பாகவும் நார் நீலமாகவும் தெரியும். எத்தனையோ முறை சிவப்புக்கு நடுவே அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறேன். இதயச் செல் செத்தால் செத்ததுதான், புதிதாய் முளைக்காது என்றுதான் படித்திருந்தேன்.

சபைச் சகோதரிகளே, அந்த மாதங்களில் நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் அக்காவுக்காக உபவாசம் இருந்தீர்கள். நானும் உங்கள் நடுவே முழங்காலில் இருந்தேன். நீங்கள் சுகம் கேட்டீர்கள். நான் கேட்கவில்லை.

எதையும் வரிசைப்படுத்திச் செய்வது என் பழக்கம். ஜெபமும் அப்படித்தான். ஒன்று, அக்கா திணறாமல் போக வேண்டும். இரண்டு, அம்மா அதைத் தாங்க வேண்டும். மூன்று, குழந்தையை வளர்க்க எனக்குப் பெலன் வேண்டும். ஆண்டவரிடம் நடக்கக்கூடியதை மட்டும் கேட்பதுதான் நேர்மை என்று நினைத்தேன். எது நடக்கும் என்பதை ஸ்லைடைப் பார்த்து நானே முடிவு செய்திருந்தேன்.

வேலை முடிந்ததும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஒரு மாலை, தலைமாட்டில் உட்கார்ந்து அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குழந்தைக்கு என்ன பெயர் வைக்க ஆசை? எந்தப் பள்ளிக்கூடத்தில் போடலாம்? பாட்டு கற்றுக்கொடுக்கலாமா? பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையிருந்த வடபழனி அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, சென்சஸ் எடுக்க வந்தவங்க மாதிரி அக்காவாண்ட கேட்டுக்கினே கீற? அது ஊட்டுக்குப் போயி அதுவே வச்சிக்கும் பேரு" என்றார்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமானது. பிறகு என் கையைப் பிடித்து, "பேரை நான் வீட்டுக்கு வந்து சொல்றேன்டி. நீ எனக்காக ஜெபம் பண்றே இல்ல?" என்று கேட்டாள்.

பண்ணுகிறேன் என்றேன். அது பொய் இல்லை. பொய் இல்லாததுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

குழந்தையின் தூளியை என் அறைக்கு மாற்றினேன். புட்டிப்பால் நேரங்களை ஒழுங்குபடுத்தினேன். பாண்டி பஜாருக்குப் போய் ஒரு வயதுக்கு ஒரு கவுன், இரண்டு வயதுக்கு ஒரு கவுன் வாங்கி வந்தேன். பொறுப்பான பெண் என்று எல்லாரும் சொன்னார்கள். குழந்தை முதன்முதலாக முகம் பார்த்துச் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அந்த நிமிஷம் அக்கா என் நினைவிலேயே இல்லை. நினைவு வந்ததும் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் குழந்தையை மடியில் வாங்கி, கிருபா என்று பெயர் சொன்னாள். பிழைப்பாள் என்று அப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் மெதுவாக, சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். படுத்துத் தூங்கினாள். கொலுசு மறுபடியும் காலில் தளர்ந்து ஆடியது. கோடை விடுமுறை சமயத்தில் மறுபடியும் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் ஏறக்குறைய பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. பலமும் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா ஸ்தோத்திரம் சொல்லி அழுதார்கள்.

எனக்கு முதலில் தோன்றியது, மெஷினில் கோளாறு இருக்கும் என்று. இரண்டாவதாகத் தோன்றியது, அப்படியானால் கிருபா கே.கே. நகரில் அத்தான் வீட்டுக்குப் போய்விடுவாளே என்று. மூன்றாவதாகத்தான் சந்தோஷம் வந்தது. அந்த வரிசையை நான் மறக்கவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் பழைய ஸ்லைடு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் புரிந்தது. அதில் இருந்த இதயங்கள் எல்லாமே இறந்துபோனவர்களுடையவை. தேறிய இதயத்தை யாரும் வெட்டி எங்களுக்கு அனுப்புவதில்லை. அது வீட்டில் சமைத்துக்கொண்டும் பஸ் ஏறிக்கொண்டும் இருக்கும். தோற்றவற்றை மட்டும் பார்த்துவிட்டு, இதயம் என்றால் தோற்றுத்தான் போகும் என்று தீர்மானித்திருந்தேன்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். தளர்ந்த இதயத்தில் எல்லாச் செல்லும் செத்துவிடுவதில்லை. பல செல்கள் சுமை தாங்காமல் இழுபட்டு, வேலை செய்யத் திராணியில்லாமல் உயிரோடு இருக்கும். செல்லுக்குள் சுருங்கி விரியும் நுண்ணிழைகள் எப்போதும் கழிந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருப்பவை. சுமை குறைந்தால், நீண்ட செல் தன் பழைய வடிவத்துக்கு மெல்லத் திரும்பக்கூடும். நீலத் தழும்பு சிவப்பாக மாறாது. அக்காவின் இதயத்திலும் கொஞ்சம் நீலம் இருக்கலாம். அதனால்தான் இன்னொரு பிரசவம் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மருந்து சுமையை இறக்கியது. இற்றுக் கிடந்த செல்லைத் திரும்ப எழுப்பியவர் கர்த்தர் என்று நான் விசுவாசிக்கிறேன். அதே மருந்து சாப்பிட்டும் திரும்பாதவர்கள் உண்டு. அவர்கள் வீட்டாருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. குறைவான விசுவாசம் எங்கள் வீட்டில், என்னிடம்தான் இருந்தது.

நன்றி ஆராதனையில் அக்கா எழுந்து நின்று, என் தங்கையின் ஜெபமும் என்னை எழுப்பியது என்றாள். நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டீர்கள். நான் தலை குனிந்து நின்றேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அடுத்த வாரம் குழந்தையின் சாமான்களைக் கே.கே. நகர் வீட்டில் கொடுக்கப் போனேன். அக்கா பையிலிருந்து பெரிய கவுனை எடுத்து விரித்தாள்.

"இது எத்தனை வயசுக்குடி?"

"ரெண்டு."

"போன வருஷமே வாங்கினியா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வேண்டுதல்களையும் அதே வரிசையில் சொன்னேன். அக்கா கவுனை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. ஆஸ்பத்திரியில பேர் கேட்டே பாரு, அன்னைக்கே தெரியும். நீ பஸ்ஸுக்குப் போனதும் ஆண்டவர்கிட்ட சொன்னேன். என் தங்கச்சி படிச்சவ, பொறுப்பானவ, அவ கேக்கறதுல நியாயம் இருக்கும். ஆனா அதை இப்போதைக்கு ஓரமா வச்சிடுங்க, என்னுதை எடுத்துக்குங்கன்னு."

"கோபம் வரலையா?"

"வந்துச்சு. அதைவிட, நீ புட்டியை வெந்நீர்ல கழுவறியான்னு கவலைதான் பெருசா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஆராதனையில என் ஜெபம்னு சொன்னே?"

"மூணாவது கேட்டியே, பிள்ளையை வளர்க்கப் பெலன். அதைக் கொடுத்தார் இல்ல? நீ பார்த்துக்கலேன்னா நான் படுத்து மாத்திரை சாப்பிட்டிருப்பேனா?"

அக்கா குழந்தையை என் மடியில் உட்கார வைத்துவிட்டு, உப்புக் குறைத்த சாம்பாரை அடுப்பில் ஏற்றப் போனாள்.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கவுனைக் கிருபா போட்டுக் கிழித்தும்விட்டாள். என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் எனக்குக் கிடைத்த மன்னிப்பு போலக் கேட்கிறது.

இப்போது ஜெபத்தில் வரிசை எண் போடுவதில்லை. முடிவை நான் எழுதிவிட்டு ஆண்டவரிடம் கையெழுத்து கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது மூச்சுக்குத் தவிக்கலாம். மருந்தைத் தவறாமல் கொடுங்கள். முழுச் சுகத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படிக் கேட்க மனம் வரவில்லை என்றால், தவிக்கிறவரிடமே போய், நீ என்ன கேட்கிறாய் என்று கேளுங்கள். உங்கள் ஜெபத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கேட்பதற்கு ஆமென் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அந்த ஒரு சொல்தான்.