பெரிய கிராணியின் சப்பாத்து

எண்பதுகளின் கடைசியில் கிள்ளானிலிருந்து தோட்டங்களுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்தேன். ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்துதான் அடிக்கடி அழைப்பு வரும். அழைப்பவர் அந்த ஆபீசையே ஆட்டிவைத்த தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலே தட்டச்சுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தூசு ஆகாதென்று கம்ப்யூட்டர் அறைக்குள் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். கழற்றியதும் அவர் ஒரு சுற்று சிறுத்துப்போவார்.

பழுது எப்போதும் ஒன்றுதான். கீபோர்டு வயர் கழன்று கிடக்கும். நான் சொருகியதும் அவர் கதவைச் சாத்துவார்.

"சம்பளக் கணக்குப் போடுறத இன்னும் ஒருக்கா காட்டும் தம்பி. போனமுறை காட்டினது மறந்துபோச்சு. வெளியில இருக்கிற பிள்ளையளிட்ட நான் எப்பிடிக் கேக்கிறது?"

வயரைப் பிடுங்கியது யாரென்று நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்ததும், எல்லார் காதிலும் விழும்படி, "பெரிய பழுது. இப்ப சரியாயிருச்சு" என்றேன்.

தட்டச்சுப் பெண் ஒருத்தி தலை நிமிராமல், "இன்னிக்கும் வயர்தானேண்ணே? பாவம், நாங்க பாக்காத மாதிரியே இருந்துக்குவோம்லா" என்றாள்.

எனக்குப் பின்னால், வாசலில் குனிந்து, அவர் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய முடிச்சை அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார். நிமிரவே இல்லை. நானும் பையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகவே இல்லை.